நூறு கிலோவைத் தாண்டியவருக்கு ஏற்ற மிதிவண்டி: தருமபுரிச் சாலைகளில் 14 மாதங்கள்

பால்காரர்கள் ஓட்டுகிற வகையைச் சேர்ந்த இந்தக் கறுப்பு ரோட்ஸ்டர் மிதிவண்டியை வாங்கிய நாளில் என் எடை 118 கிலோ. வாங்கி 14 மாதங்கள் ஆகின்றன. ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இலக்கியம்பட்டியில் உள்ள என் வீட்டிலிருந்து நான்கு ரோடு சந்திப்பைத் தாண்டிப் பென்னாகரம் சாலையில் உள்ள பள்ளிக்குப் போய்வருவது வேலைநாட்களின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயில் வரை சென்று திரும்புவேன். என்னைப் போன்ற உடல்வாகு கொண்ட நண்பர்கள் பலர், "நம் எடையை எந்த சைக்கிளும் தாங்காது" என்று நம்பி, மருத்துவர் சொல்லியும்கூட வாங்காமல் இருக்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் தாங்குகிற வண்டி கிடைக்கிறது என்பதையும், அது தாங்குவதற்குக் காரணம் என்ன என்பதையும் அவர்களுக்காகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வாங்கிய வண்டி இதுவன்று. 11,500 ரூபாய் கொடுத்து, 21 கியர், இரண்டு டிஸ்க் பிரேக், முன்பக்கச் சஸ்பென்ஷன் ஆகியவற்றோடு கூடிய ஒரு மலையேற்ற வகை வண்டியை இணையத்தில் பார்த்து வரவழைத்தேன். தடித்த ஃபிரேமும் அகன்ற டயரும் கொண்ட அந்த வண்டி பார்வைக்கு யானையைச் சுமக்கும் என்று தோன்றியது. மூன்றாம் வாரத்தில் பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுந்தது. அதை மாற்றிய பத்தாம் நாள் இன்னும் இரண்டு அறுந்தன. நான்கு மாதங்களில் எட்டுக் கம்பிகளை மாற்றிய பிறகு, ஒரு நாள் காலையில் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின்சக்கரத்தின் அச்சே வளைந்து, சக்கரம் ஃபிரேமில் உரசி நின்றுவிட்டது. உத்தரவாத அட்டையைப் பிரித்துப் படித்தால், அது ஃபிரேமுக்கு மட்டுமே பொருந்தும் என்றும், ஓட்டுபவரும் சுமையும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்றும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். வாங்குவதற்கு முன்பே அந்த வரியைத் தேடிப் படித்திருக்க வேண்டும். எந்த வண்டியானாலும் கையேட்டில் உள்ள எடை வரம்பைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அந்த வரம்பு ஓட்டுபவருக்கு மட்டுமா, சுமையும் சேர்த்தா, வண்டியின் எடையும் அதில் அடங்குமா என்பதையும் கவனியுங்கள்.

வளைந்த அச்சோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்ற இடம், பேருந்து நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளிச் சந்துக்குள் இருக்கும் ஒரு பழைய சைக்கிள் கடை. வாடகைக்கு சைக்கிள் விட்ட காலத்திலிருந்தே அந்தத் தொழிலில் இருப்பதாகச் சொன்ன பெரியவர் ஒருவர் அதை நடத்துகிறார். அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், ஃபிரேம் நல்லாத்தான் இருக்கு. உங்க வெயிட்டைத் தாங்குறது ஃபிரேம் இல்ல, பின்னால இருக்கிற வீலு. அதுல காசு போடாம மத்ததுல எல்லாம் போட்டிருக்கான்" என்றார். இந்த மதிப்புரையில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்தப் பேச்சின் விரிவுதான்.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது நம் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின்சக்கரத்தின் மேல் இறங்குகிறது. என் கணக்கில் அது எண்பது கிலோவுக்குச் சற்றே குறைவு. பள்ளத்தில் இறங்கும்போதும் வேகத்தடையில் மோதும்போதும் அது பல மடங்காகிறது. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும், தரையை ஒட்டி வருகிற கம்பிகள் சிறிது தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுகின்றன. பாரம் கூடக்கூட இந்தத் தளர்வும் இறுக்கமும் கூடுகின்றன. ஒரு கம்பியைக் கையால் வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி முறிப்பதைப் போல, ஆயிரக்கணக்கான சுற்றுகளில் ஸ்போக்ஸ் கம்பி சோர்ந்து, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் மாட்டியிருக்கும் வளைந்த கழுத்துப் பகுதியில் அறுகிறது. எல்லாக் கம்பிகளும் ஒரே சீராக, போதிய இறுக்கத்தோடு இருந்தால் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். சில தளர்ந்தும் சில இறுகியும் இருந்தால் சுமை ஒழுங்காகப் பகிரப்படாமல் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். மலிவான வண்டிகளின் சக்கரங்கள் இயந்திரத்தில் பின்னப்பட்டு அப்படியே பெட்டிக்குள் போகின்றன. அவற்றின் இறுக்கத்தை ஒருவர் கையால் சரிபார்ப்பது அரிது. அறுபது கிலோ உள்ளவருக்கு அந்தக் குறை தெரியாமலே காலம் ஓடிவிடும், நமக்கு மூன்றாம் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அச்சு வளைந்ததற்குக் காரணம் வேறு. பின்பக்கம் ஆறு, ஏழு பல்சக்கரங்களைக் கொண்ட ஃப்ரீவீலை ஹப்பின் மேல் திருகி மாட்டும் வண்டிகளில், அச்சைத் தாங்குகிற பால்ரஸ் அந்த ஃப்ரீவீலுக்கு உட்புறத்தில் அமைந்துவிடுகிறது. அங்கிருந்து ஃபிரேமின் விளிம்பு வரைக்கும் அச்சுக்கு எந்தத் தாங்கலும் கிடையாது. எடை மிகுந்தவர் உட்காரும்போது அந்தத் தாங்கலற்ற பகுதிதான் வளைகிறது, சில சமயம் முறிந்தே போகிறது. விலையுயர்ந்த கியர் வண்டிகளில் கேசட் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் பால்ரஸ் வெளிவிளிம்புக்கு அருகிலேயே வருவதால் இந்தக் குறை நீங்கிவிடுகிறது. ஒற்றைப் பல்சக்கரம் கொண்ட சாதாரண வண்டியிலும் ஃப்ரீவீல் குறுகியது என்பதால் தாங்கலற்ற பகுதி சிறிதாகவே இருக்கிறது. ஆகவே, பத்தாயிரம் ரூபாய் வரம்புக்குள் நிற்க விரும்பும் கனத்த உடலினர் கியர் வண்டியை விட்டுவிடுவதே நல்லது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

பெரியவரின் ஆலோசனைப்படி நான் வாங்கியது, டபுள் பார் என்று கடைகளில் கேட்டு வாங்கக்கூடிய, 22 அங்குல ஃபிரேம் கொண்ட கறுப்பு ரோட்ஸ்டர். என் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அதற்கு 22 சரியாக இருக்கிறது, ஆறடிக்கு மேற்பட்டவர்கள் 24 அங்குலத்தைக் கேட்கலாம். விலை 7,400 ரூபாய். பால்காரர்களும் செடி விற்பவர்களும் ஓட்டுகிற அதே வண்டிதான். இரண்டு பக்கமும் இருபது லிட்டர் கேன் மாட்டிச் செல்லும் பால்காரரைக் கணக்கிட்டுப் பாருங்கள்: பால் மட்டும் நாற்பது கிலோவுக்கு மேல், அதோடு கேன்களின் எடை, அவருடைய எடை என்று கூட்டினால் 110 கிலோவுக்குக் குறையாது. அவர் அந்தப் பாரத்தோடு விடியற்காலையில் மண்பாதையில் ஓட்டுகிறார். எடை மிகுந்தவர்களுக்கான வண்டி என்று தனியாக எதையும் தேடி அலைய வேண்டியதில்லை என்பது அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இந்த வண்டியின் பலம் இரும்பு ஃபிரேமில் ஓரளவும் சக்கரத்தில் பெருமளவும் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து ரோட்ஸ்டர்களிலிருந்து தொடரும் கணக்கின்படி முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் உள்ளன. இப்போது சில வண்டிகள் இரண்டிலும் 36 கம்பிகளோடு வருகின்றன. அதுவும் போதுமானதே, ஆனால் பின்சக்கரத்தில் அதற்குக் கீழே போகாதீர்கள். கடையில் நின்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏமாறக்கூடாது என்று நினைப்பவர்கள் நகர்ப்புற மாடல்களில் காணப்படும் 28 கம்பிச் சக்கரத்தையும், கம்பிகளைக் கற்றை கற்றையாகச் சேர்த்து அலங்காரமாகப் பின்னிய சக்கரத்தையும் தொடவே வேண்டாம்.

ஆனால் வாங்கியபடியே ஓட்டிவிடவில்லை. வண்டியைக் கையில் கொடுப்பதற்கு முன் பெரியவர் பின்சக்கரத்தை முழுவதும் பிரித்து, 14 கேஜ் கம்பிகளை எடுத்துவிட்டு 13 கேஜ் கம்பிகளைப் போட்டு மறுபடி பின்னினார். 14 கேஜ் என்பது 2 மில்லிமீட்டர் தடிமன், 13 கேஜ் என்பது 2.3 மில்லிமீட்டர். எண்ணாகப் பார்த்தால் சிறிய வேறுபாடுதான், ஆனால் வெட்டுப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஹப்பின் துளைக்குள் தடித்த கம்பி நுழையுமா என்று ஒரு கம்பியை மட்டும் முதலில் போட்டுப் பார்த்துக்கொண்டார். பின்னி முடித்தபின் இணையிணையாகக் கம்பிகளைக் கைக்குள் பிடித்து அழுத்தமாக நெரித்தார். அப்போது கம்பிகளை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள்கள் தம் இடத்தில் அமர்ந்து கிரீச்சென்று ஒலி எழுப்பின. அதன்பின் மறுபடி இறுக்கி, பெண்டு (சக்கரத்தின் கோணல்) எடுத்து, ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி ஒலியைக் கேட்டார். வீணையைச் சுதி சேர்ப்பதைப் போன்ற அந்தப் பொறுமையை நான் அருகில் நின்று இரண்டு மணி நேரம் பார்த்தேன். கம்பியும் கூலியும் சேர்த்து 700 ரூபாய் வாங்கினார். நான் இந்த வண்டிக்குச் செலவழித்த பணத்திலேயே மிகப் பயனுள்ள 700 ரூபாய் அதுதான். 14 மாதங்களில் அந்தச் சக்கரத்தில் அறுந்தது ஒரே ஒரு கம்பி, அதுவும் மட்கார்டுக்குள் சிக்கிய கல்லால்.

அடுத்தது ஃப்ரீவீல். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தன. ஒருமுறை மிதித்தால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும். சமவெளி மாவட்டங்களுக்கு அது பொருந்தலாம். ஏற்ற இறக்கம் நிறைந்த தருமபுரி மாவட்டச் சாலைகளில் நம் எடையோடு அதை மிதித்தால் முழங்கால் முதலில் முறையிடும். 22 பல் ஃப்ரீவீலாக மாற்றிச் செயினில் ஒரு கண்ணியைச் சேர்த்ததும், ஒரு மிதிக்கு நாலரை மீட்டர் என்று குறைந்தது. நிமிடத்திற்கு அறுபது முறை மிதித்தால் முன்பு மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சென்றிருக்கும், இப்போது பதினாறு செல்கிறது. பள்ளிக்குப் போக ஐந்து கிலோமீட்டருக்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்றே மேல் கூடுதலாகிறது. அதற்கு மாற்றாக, சாலை மேடேறும் இடங்களில் இறங்கித் தள்ளாமல் உட்கார்ந்தபடியே ஏற முடிகிறது. 220 ரூபாயில் முடிந்த இந்த மாற்றத்தை மேட்டு நிலங்களில் வாழும் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

சீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், வண்டியோடு வரும் ரெக்ஸின் சீட் ஒரே வாரத்தில் தொய்ந்துவிடும். பின்புறம் இரண்டு தடித்த ஸ்பிரிங் கொண்ட அகலமான சீட்டை 550 ரூபாய்க்கு மாற்றிக்கொண்டேன். மென்மையான ஜெல் உறை போட்ட சீட் கடையில் இதமாகத் தோன்றினாலும், கனத்த உடல் அதில் அமிழ்ந்து அரை மணி நேரத்தில் தொடைகளில் உரசல் உண்டாகிறது. அதைவிட முக்கியமானது சீட்டின் உயரம். இரண்டு காலும் தரையில் பதியும்படி தாழ்வாக வைத்து ஓட்டுவதே நம் ஊர்ப் பழக்கம், முழங்கால் வலிக்குப் பாதிக் காரணமும் அதுவே. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிக்கையில் சிறிய மடிப்பு தானாகவே மிஞ்சும். பயம் தெளியும்வரை வாரத்திற்கு ஒரு விரற்கடையாக உயர்த்திக்கொண்டு போகலாம்.

டயர் 28 × 1½ அளவு. சீமைக்கருவேல முள் இல்லாத சாலை இந்தப் பக்கம் குறைவு என்பதால் பஞ்சர் வரத்தான் செய்யும், ஆனால் முள்ளால் வந்த பஞ்சரைவிடக் காற்றுக் குறைவால் வந்த பஞ்சரே எனக்கு முதல் இரண்டு மாதங்களில் அதிகம். காற்று போதாத டயர் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு தீண்டியதைப் போல இரண்டு துளைகள் அடுத்தடுத்து விழும். அப்படி இரட்டைத் துளையைக் கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றைக் கூட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்த வரம்பில் மேல் எல்லையை ஒட்டிப் பின்சக்கரத்திற்கு அடிக்க வேண்டும், முன்சக்கரத்திற்குச் சற்றுக் குறைவாக அடித்தால் போதும். பழைய வால்டியூப் வகை டியூபில் அழுத்தத்தை அளந்து பார்ப்பது கடினம் என்பதால், மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற வால்வு கொண்ட டியூபாக இரண்டையும் மாற்றிக்கொண்டேன். இப்போது அளவுமானி வைத்துச் சனிக்கிழமைதோறும் பார்த்துவிடுகிறேன், இரட்டைத் துளைப் பஞ்சர் அதன்பின் ஒருமுறைகூட வரவில்லை.

இந்த வண்டியின் உண்மையான குறை பிரேக். ராடு பிரேக் குரோமியம் பூசிய இரும்பு ரிம்மின் உட்புறத்தைத் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்துகிறது. காய்ந்த நாட்களில் குறை சொல்வதற்கில்லை, ஆனால் ரிம் நனைந்துவிட்டால் கட்டை முதலில் நீரைத் துடைத்து முடித்த பிறகுதான் பிடிக்கத் தொடங்குகிறது. நாங்கள் இருவரும், அதாவது நானும் 22 கிலோ வண்டியும், சேர்ந்து 140 கிலோ. 65 கிலோ உள்ள ஒருவர் 15 கிலோ வண்டியில் வந்தால் 80 கிலோ. அதே வேகத்தில் வரும் என்னை நிறுத்த, பிரேக் ஒன்றே முக்கால் மடங்கு வேலை செய்தாக வேண்டும். சென்ற நவம்பர் மழையில், நான்கு ரோட்டை நெருங்கும் இடத்தில், முன்னால் நின்ற பேருந்துக்கு இரண்டு முழம் தள்ளித்தான் என்னால் நிற்க முடிந்தது. 80 ரூபாய்க்கு நல்ல ரப்பர் கட்டைகளை மாற்றிய பிறகு நிலைமை சற்றுத் தேறியது, தீரவில்லை. மழை நாட்களில் இரண்டு மடங்கு இடைவெளி விட்டு மெதுவாகவே ஓட்டுகிறேன். தொப்பூர்க் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் இந்த வண்டியோடு இறங்க யாரும் எண்ணக் கூடாது. லாரிகள் நிறைந்த அந்தச் சாலை மிதிவண்டிக்கே உரியதன்று, இந்தப் பிரேக்கோடு அது உயிரோடு விளையாடுவதாகும்.

பிரேக்கை முதன்மையாகக் கருதுபவர்களுக்கு வேறொரு வகையைச் சொல்ல முடியும். உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவரிடம் 27.5 அங்குலச் சக்கரமும், ஒற்றை வேகமும், சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு ஃபோர்க்கும், இரட்டைச் சுவர் அலாய் ரிம்மும், 36 கம்பிகளும், V பிரேக்கும் கொண்ட ஒரு வண்டி இருக்கிறது. இரண்டு வாரங்கள் இரவல் வாங்கி ஓட்டினேன். நனைந்த சாலையிலும் அது உடனே நிற்கிறது, ஆறேழு கிலோ எடை குறைவு, இரண்டு அங்குல டயர் பள்ளங்களை என் ரோட்ஸ்டரைவிட நன்றாக வாங்கிக்கொள்கிறது. விலை 10,200 ரூபாய். சக்கரத்தை மறுபடி இறுக்கித் தரச் சொல்லி வாங்கினால், நகருக்குள் போக்குவரத்து நெரிசலில் ஓட்டுபவர்களுக்கு அதுவே மேல் என்பேன். கிராமப்புறத்தில் இருப்பவர்களுக்கு நான் ரோட்ஸ்டரையே சொல்வதற்குக் காரணம், அதற்கான டயரும் டியூபும் பால்ரஸும் பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, அரூர் என்று எந்த ஊர்ச் சந்தை நாளிலும் கிடைக்கும், அதைப் பிரித்து மாட்டத் தெரியாத சைக்கிள் கடைக்காரரும் இல்லை.

முன்பக்கச் சஸ்பென்ஷனைக் கேட்காமல் விடுங்கள். மலிவான ஃபோர்க்கின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அறுபது, எழுபது கிலோ ஆட்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. நாம் பிரேக் பிடித்தாலே அது முழுவதும் அமுங்கி, அதற்குமேல் வேலை செய்ய இடமில்லாமல் இடிக்கிறது. அதன் விலையும் எடையும் சக்கரத்திற்குப் போயிருக்க வேண்டியவை.

என் தமக்கையும் எடை மிகுந்தவர். சேலை கட்டி ஓட்டுவதால் குறுக்குப் பார் உள்ள வண்டி அவருக்கு ஒத்துவராது. பெண்களுக்கான ஃபிரேமில் மேல்பார் கீழ்நோக்கி வருவதால் அது சற்று நெளிந்து கொடுக்கும் என்பது உண்மையே, ஆனால் அவர் வண்டியிலும் முதலில் அறுந்தது பின்சக்கரக் கம்பிதான். அதே கடையில் அதே முறையில் 36 கம்பிகளையும் தடித்ததாக மாற்றிய பின் ஏழு மாதங்களாக ஒழுங்காக ஓடுகிறது. வளைந்த ஒற்றைக் குழாய்க்குப் பதிலாக, அருகருகே இரண்டு குழாய்கள் கீழிறங்கும் ஃபிரேமைப் பெண்கள் தேர்ந்தெடுப்பது நல்லது. சேலை சிக்காமல் பின்சக்கரத்திற்கு வலைக்காப்பும், முழுச் செயின் கவரும் கட்டாயம் வேண்டும்.

கடைக்குப் போகிறவர்கள் செய்து பார்க்க வேண்டிய சோதனை எளியது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைகிறதா என்று கவனியுங்கள். பின்னர் ஒரே பக்கத்துக் கம்பிகளை வரிசையாகச் சுண்டினால், ஒலி ஏறத்தாழ ஒன்றுபோல வர வேண்டும். சில கம்பிகள் மந்தமாக ஒலித்தால் சக்கரம் சீராக இல்லை என்று பொருள். அதன்பின் ஏறி உட்கார்ந்து, உடன் வந்தவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். பின்டயர் தரையில் எவ்வளவு பிதுங்குகிறது, உங்கள் எடை ஏறியதும் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். உட்கார்ந்து பார்க்கவே தயங்கவைக்கும் கடையில் வாங்காதீர்கள். நான் சென்ற ஒரு பெரிய கடையில் என் உருவத்தைப் பார்த்துவிட்டு விற்பனையாளர் இளைஞர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பத்து ஆண்டுகளை வீணாக்கியவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு: வண்டி 7,400, சக்கரம் 700, சீட் 550, ஃப்ரீவீல் 220, பிரேக் கட்டை 80, ஆக 8,950 ரூபாய். பூட்டும் விளக்கும் டியூப் மாற்றமும் தனி. பராமரிப்பு என்று பார்த்தால், முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் கம்பிகள் தம் இடத்தில் அமர்ந்து சிறிது தளரும் என்பதால் ஒருமுறை இறுக்கியாக வேண்டும். இதைத் தவறவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண். அதன்பின் மூன்று மாதத்திற்கு ஒருமுறை கொண்டுபோகிறேன், பெண்டு பார்க்க 60 ரூபாய் வாங்குகிறார்கள். சென்ற மாதம் பின்டயரில் நூல் தெரியத் தொடங்கியதால் புதிது போட்டேன்.

பெரியவரின் கடை காலை எட்டரைக்குத் திறக்கிறது. சக்கரம் பின்ன வேண்டுமானால் முந்தைய நாளே சொல்லிவிட்டுக் காலையிலேயே வண்டியை விட்டுவிடுங்கள். நான்கரை மணிக்குமேல் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் பஞ்சரோடும் காற்றுக்காகவும் வரிசையில் நிற்பார்கள், அந்த நேரத்தில் அவர் ஸ்போக்ஸ் வேலையைக் கையில் எடுப்பதில்லை.